யார் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும்?

போன் நோட்டிஃபிகேஷன் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். தொல்லை தாங்கவில்லை, எல்லாவற்றையும் அணைத்துவிடலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வருவதே தெரியவில்லை என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே விஷயம்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் நான். இரவு எட்டு மணிக்கு மேல்தான் விடைத்தாள் திருத்த உட்கார முடியும். கட்டுக்கு நாற்பது தாள். முன்பெல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன், இப்போது பதினொன்று ஆனாலும் பாதிதான். 'டிங்' என்றதும் கை தானாகப் போகிறது. எடுக்காமல் விட்டாலும் மனசு அங்கேயே இருக்கிறது. உனக்குக் கட்டுப்பாடு இல்லை என்கிறார் என் வீட்டுக்காரர். உண்மையா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: இல்லை டீச்சர். பின்னாலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறோம் அல்லவா, அதே பழக்கம்தான் இது. எடுக்காமல் விட்டாலும் மனசு அங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். கணினியில் உன்னிப்பாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு போன் அடித்தது, மெசேஜ் வந்தது. அவர்கள் போனைத் தொடவே இல்லை. ஆனாலும் வேலையில் தவறுகள் கூடின, அதுவும் போனை எடுத்துப் பயன்படுத்தினால் எவ்வளவு கூடுமோ கிட்டத்தட்ட அந்த அளவுக்கு. உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பத்தியை வாசிக்கக் கொடுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள். இந்தியாவிலேயே 237 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. நோட்டிஃபிகேஷன்களைச் சேர்த்து வைத்து ஒரு நாளைக்கு மூன்றே வேளை பெற்றவர்களுக்குக் கவனமும் மனநிலையும் நன்றாக இருந்தன. முழுக்க நிறுத்தியவர்களுக்கு அந்த நன்மை வரவில்லை, எதையோ விட்டுவிட்டோமோ என்ற பதற்றம்தான் கூடியது. பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியர் கூப்பிட்டிருப்பாரோ, பெரியவள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்திருப்பாளோ என்று அரை மணிக்கொரு முறை எழுந்து போய்ப் பார்த்தால் 'டிங்' சத்தமே தேவலை.

ஆகவே முதலில் எண்ணுங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து விட்டால் கடந்த 24 மணி நேரத்தில் வந்தவை எல்லாம் வரிசையாகத் தெரியும். போன தீபாவளிக்கு என் அக்கா போனில் இதைச் செய்தோம். காலை ஆறிலிருந்து பத்துக்குள் 41 வந்திருந்தன. ஒரு மனிதர் அக்காவுக்கென்றே எழுதியது அதில் மூன்று! மற்றவை தள்ளுபடி, கடன் வேண்டுமா, யாரோ யாருடைய போட்டோவுக்கோ லைக் போட்டார், விளையாட்டில் உங்கள் உயிர் நிரம்பிவிட்டது, இப்படி. அக்கா கொஞ்ச நேரம் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனைக்கும் நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கேன்டா" என்றாள்.

எண்ணிய பிறகு கைவைப்பது சுலபம். தேவையில்லாத நோட்டிஃபிகேஷன் வரும்போது தள்ளிவிடாமல் அதன் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். அங்கேயே சைலன்ட் ஆக்கலாம், முழுக்க நிறுத்தலாம். பணம் அனுப்பும் ஆப்பை நிறுத்தினால் பணம் வந்த செய்தியும் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு ஆப்பும் தன் நோட்டிஃபிகேஷன்களை வகை வகையாகப் பிரித்து வைக்கலாம். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பெயரைத் திறந்தால் பரிவர்த்தனை ஒரு வரி, சலுகைகள் ஒரு வரி என்று இருக்கும், சலுகையை மட்டும் அணைத்தால் போதும். சில ஆப்கள் எல்லாவற்றையும் ஒரே வகையில் போட்டுக் கலந்து அனுப்புகின்றன. அது வாடிக்கையாளருக்குச் செய்யும் நியாயம் இல்லை. அப்படிப்பட்டதை முழுக்க நிறுத்துங்கள், பணம் வந்ததற்கு வங்கி எஸ்.எம்.எஸ். பெரும்பாலும் வரும்.

வாட்ஸ்அப்பில் பள்ளி குரூப், 92ஆம் வருட பேட்ச் குரூப், சொந்தக்காரர் குரூப் எல்லாவற்றையும் மியூட் செய்யும்போது எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று கேட்கும். 'எப்போதும்' கொடுங்கள். யாராவது உங்கள் பெயரைக் குறிப்பிட்டு எழுதினாலோ உங்களுக்குப் பதில் போட்டாலோ அப்போதும் தெரியவரும், அதனால் விட்டுப்போகும் என்ற கவலை வேண்டாம். அப்புறம் திருத்தும் நேரத்தில் போன் பக்கத்து அறையில் சார்ஜில் இருக்கட்டும். இருபது தாள் முடிந்ததும் எழுந்து போய் ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: நான் பார்வையற்ற கல்லூரி மாணவன், எம்.ஏ. வரலாறு. பாடங்களை போனில் ஒலியாகக் கேட்டுத்தான் படிக்கிறேன். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக் வைத்திருக்கிறேன். நடுவில் நோட்டிஃபிகேஷன் வந்தால் டாக்பேக் அதை வாசித்துவிடுகிறது, பாடத்தில் அந்த வாக்கியம் போய்விடுகிறது. திரும்பப் பின்னால் போய்க் கேட்டால் அதே இடத்தில் இன்னொன்று. நண்பர்கள், "போனைப் பார்க்காதே, அவ்வளவுதானே" என்கிறார்கள். எனக்குப் பார்க்காமல் இருப்பது என்றால் என்ன?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியை நாலு தடவை படித்தேன். பார்வை உள்ளவருக்கு நோட்டிஃபிகேஷன் திரையின் ஓரத்தில் வரும், கண்ணைத் திருப்பாமல் இருக்கலாம். உங்களுக்குப் பாடம் வரும் வழியும் அது வரும் வழியும் ஒரே காது. பல்லவர் நிர்வாகம் ஓடிக்கொண்டிருக்கும்போது பாட ஒலி தாழ்ந்து, அதன் மேல் ஏறி "இன்று இரவு மட்டும் 60 சதவீதம் தள்ளுபடி" என்று ஒரு குரல் முழு வாக்கியம் சொல்லி முடிக்கும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். காதை எப்படித் திருப்புவது?

உடனடியாகச் செய்ய ஒன்று: டாக்பேக் பேச ஆரம்பித்ததும் இரண்டு விரலால் திரையை ஒரு தடவை தட்டுங்கள், பேச்சு நிற்கும். கொஞ்சம் பழைய டாக்பேக்கில் இது இருக்காது, ப்ளே ஸ்டோரில் அப்டேட் செய்துகொள்ளுங்கள். ஐபோனில் இதே வேலையைச் செய்யும் வாய்ஸ்ஓவரிலும் இதே இரண்டு விரல் தட்டல்தான்.

ஆனால் அது அந்த நேரத்துக்கு மட்டும்தான் உதவும். நிலையாகச் செய்ய வேண்டியது, மேலே தென்காசி டீச்சருக்குச் சொன்னதில் ஒரு மாற்றத்தோடு. அவருக்கு சைலன்ட் போதும். உங்களுக்குப் போதாது. சத்தமில்லாமல் வந்து திரையில் நிற்பதையும் டாக்பேக் எடுத்து வாசித்துவிடலாம். விளம்பரங்களை முழுக்க அணைத்துவிடுங்கள். நோட்டிஃபிகேஷன் பட்டியலை இரண்டு விரலால் மேலிருந்து கீழே இழுத்துத் திறந்து, தொல்லை தருவதன் மேல் நின்று, இரண்டு முறை தட்டி இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் பிடியுங்கள், அணைக்கும் பொத்தான் வரும். சனிக்கிழமை வகுப்பில் என்னிடம் டாக்பேக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறேன். முதல் இரண்டு ஆப்புக்குப் பத்து நிமிடம் ஆகும், அப்புறம் கை தானாக ஓடும். ஒரு பெண் அன்று மாலையே எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: "சார், வீடு அமைதியா இருக்கு."

படிக்கும் நேரத்துக்கு, அழைப்புகளையும் நோட்டிஃபிகேஷன்களையும் அடக்கி வைக்கும் டூ நாட் டிஸ்டர்ப் போட்டுக்கொண்டு, அம்மா, அறை நண்பர், தேர்வில் நீங்கள் சொல்லச் சொல்ல எழுத வரும் ஸ்க்ரைப் ஆகியோரை மட்டும் உள்ளே விடுங்கள். கல்லூரிக் கணினியில் திரையை வாசிக்கும் என்.வி.டி.ஏ. பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் செட்டிங்ஸில் ஆப்ஜெக்ட் பிரசென்டேஷன் பகுதியில் ரிப்போர்ட் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டால் விண்டோஸ் மூலையில் எழும்புவதை வாசிக்காது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஓ.டி.பி.யையும் வங்கி இருப்பையும் பேருந்தில் சத்தமாக வாசித்துவிடுகிற சங்கடம் உங்களுக்கும் நடந்திருக்கும். வெளியே போகும்போது ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள், மறு காது சாலைக்கு.

இணையப் பக்கங்களை எல்லாருக்கும் ஏற்றதாக ஆக்க டபிள்யு.சி.ஏ.ஜி. என்று ஓர் உலக வழிகாட்டி இருக்கிறது. குறுக்கீடுகளைத் தள்ளிப்போடவும் அடக்கவும் பயனருக்கு வழி இருக்க வேண்டும், அவசர நிலைக்கு மட்டும் விலக்கு என்று அதில் ஒரு விதியே உண்டு. வருத்தம் என்னவென்றால் அதை மிக உயர்ந்த படியில் வைத்திருக்கிறார்கள், கட்டாயப் படியில் இல்லை. நண்பர்கள் மறுபடி அப்படிச் சொன்னால் டாக்பேக்கைப் போட்டு, திரையை அணைத்து, அரை மணி நேரம் பாடம் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் துறுதுறுப்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டேப்லெட்டில் வீட்டுப்பாடம் பார்க்கிறான். மேலே ஏதாவது வழுக்கி இறங்கினால் அவ்வளவுதான், திரும்பப் புத்தகத்துக்கு வரவே மாட்டான். நோட்டிஃபிகேஷனால்தான் இது வந்ததா? டேப்லெட்டையே பிடுங்கிவிடலாமா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: அதனால் வரவில்லை அம்மா, நீங்கள் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை. ஆனால் இருப்பதைக் கூட்டும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 221 மாணவர்களை ஒரு வாரம் நோட்டிஃபிகேஷன் ஓட விட்டும் ஒரு வாரம் அணைத்து வைத்தும் பார்த்து 2016இல் எழுதினார்கள். ஓடவிட்ட வாரத்தில், ஏ.டி.எச்.டி. இல்லாத சாதாரண மாணவர்களும் கவனமின்மையும் படபடப்பும் கூடுதலாக இருந்ததாகச் சொன்னார்கள். அப்படியானால் உங்கள் பையன் எவ்வளவு பாடுபட்டு அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறான் என்று பாருங்கள்.

பிடுங்க வேண்டாம். அவனையும் பக்கத்தில் உட்கார வைத்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று அவனையே சொல்லச் சொல்லி அணையுங்கள். வழுக்கி இறங்கும் பேனர், ஐகான் மேல் நிற்கும் சிவப்புப் புள்ளி இரண்டும் போக வேண்டும், புள்ளி சத்தம் போடாவிட்டாலும் 'என்னைத் திற' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அக்சஸிபிலிட்டி பகுதியில் ரிமூவ் அனிமேஷன்ஸ் என்பதையும் போட்டுவிடுங்கள், ஐபேடில் இது ரெட்யூஸ் மோஷன் என்ற பெயரில் இருக்கும். திரையில் அசைவு குறையும். பாட ஆப்பை விட்டு வெளியே போகாமல் பூட்டவும் வழி உண்டு, ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபேடில் கைடட் ஆக்சஸ். பூட்டுவதற்கு முன் அவனிடம் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள், தண்டனை மாதிரி ஆகிவிடக் கூடாது.

வகுப்பு ஆசிரியரிடமும் பேசுங்கள். வீட்டுப்பாடத்தை ஐந்து மெசேஜாகப் பிய்த்து அனுப்பாமல் மாலை ஆறு மணிக்கு ஒரே மெசேஜாக அனுப்பினால் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. அதற்காகக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை, ஒரு மெசேஜைச் சேர்த்து அனுப்பச் சட்டம் எதற்கு?

கேள்வி: வயது 71. காது அநேகமாகக் கேட்காது. என் போனில் எல்லாவற்றுக்கும் சத்தத்தைக் குறை என்கிறார்கள் வீட்டில். எனக்கோ மகள் கூப்பிட்டது ராத்திரிதான் தெரிகிறது. புயல் நாட்களில் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: ஐயா, போன் அக்சஸிபிலிட்டி பகுதியில் ஃப்ளாஷ் நோட்டிஃபிகேஷன்ஸ் இருக்கிறதா பாருங்கள். 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல் உண்டு, சில கம்பெனி போன்களில் அதற்கு முன்பே இருந்தது. போட்டால், அழைப்போ செய்தியோ வரும்போது பின்பக்க கேமரா விளக்கு மின்னும், திரையும் நிறம் மாறி மின்னும்படி வைக்கலாம். ஐபோனில் அக்சஸிபிலிட்டிக்குள் ஆடியோ அண்ட் விஷுவல் என்ற இடத்தில் இருக்கிறது. கேமரா விளக்கு தெரிய வேண்டுமானால் போனைக் கவிழ்த்து வையுங்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் மட்டும் இதைப் போடுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

விளக்கைப் போடுவதற்கு முன்னால் விளம்பரங்களை அணைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஐம்பது தடவை மின்னி, இரண்டாம் நாளே விளக்கைப் பார்ப்பதை விட்டுவிடுவீர்கள். மின்னினால் அது மகள்தான் என்று ஆக வேண்டும். அதனால்தான் ஆரம்பத்தில் இரண்டும் ஒரே விஷயம் என்றேன்.

புயலுக்கு: 2023இல் நாடு முழுவதும் செல்போன்களில் பெரிய சத்தத்தோடு ஒரு சோதனைச் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அந்த அவசர எச்சரிக்கை செட்டிங்ஸில் வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ் என்ற பெயரில் இருக்கும். தொல்லை என்று அதை யாரும் அணைக்காதீர்கள், கடலோரத்தில் இருப்பவர்கள் சத்தியமாக அணைக்காதீர்கள். ஐயா, நீங்கள் அதில் வைப்ரேஷன் போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, புயல் இரவுகளில் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் கை படும்படி வைத்துக்கொள்ளுங்கள். தலையணைக்கு அடியில் வேண்டாம், சூடாகும்.

கேள்வி: கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாள் முழுக்க அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும். வழி?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: START 0 என்பதை ஆங்கிலத்தில் அடித்து 1909 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள், அல்லது அந்த எண்ணையே அழைத்துப் பதியுங்கள். வங்கிச் செய்தியும் ஓ.டி.பி.யும் இதனால் நிற்காது. பதிந்த பிறகும் வந்தால் அதே 1909க்குப் புகார் செய்யலாம். செய்யுங்கள், சோம்பல் படாதீர்கள்.

கேள்வி: அலுவலகக் கணினியில் மூலையில் எழும்பும் செய்தியை நான் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் ஆகும், சிறு வயதிலிருந்தே. யாரிடமும் சொன்னதில்லை.
– பெயர், ஊர் வேண்டாம் என்றவர்

பதில்: எங்களிடம் சொன்னதற்கு நன்றி. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் போங்கள். நோட்டிஃபிகேஷன் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அங்கே ஒரு வரி இருக்கும். 5 நொடியில் இருக்கும், 5 நிமிடம் வரை கூட்டலாம். போனிலும் அக்சஸிபிலிட்டிக்குள் டைம் டு டேக் ஆக்ஷன் என்று இதற்கே ஒரு வசதி உண்டு. உங்களைப் போல் நேரம் தேவைப்படுபவர்கள் நிறைய இருப்பதால்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இரவு ஷிஃப்ட் வேலை. பகலில் தூங்க வேண்டும். ஊரில் அம்மா தனியாக இருக்கிறார், சர்க்கரை நோய். போனை அணைத்தால் பயம், அணைக்காவிட்டால் தூக்கம் இல்லை.
– பட்டுக்கோட்டைக்காரர், சிங்கப்பூர்

பதில்: அணைக்காதீர்கள் தம்பி. டூ நாட் டிஸ்டர்பை உங்கள் தூக்க நேரத்துக்குத் தானாக வரும்படி வைத்து, அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் காண்டாக்டில் ஸ்டார் போட்டு, ஸ்டார் போட்டவர்கள் மட்டும் கூப்பிடலாம் என்று கொடுங்கள். ரிப்பீட் காலர்ஸ் என்பதையும் திறந்து வையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து, ஆஸ்பத்திரியிலிருந்தோ ஆட்டோக்காரர் போனிலிருந்தோ, யாராவது இரண்டாவது முறை கூப்பிட்டால் அது அடிக்கும். ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் இரண்டாம் அழைப்பு வர வேண்டும். அம்மாவிடம், "எடுக்காவிட்டால் உடனே இன்னொரு தடவை போடு" என்று சொல்லி வையுங்கள்.

ஒரு விஷயம், அம்மா சாதாரணமாகக் கூப்பிடுவாரா, வாட்ஸ்அப்பிலா? வாட்ஸ்அப் என்றால் ஸ்டார் போட்டது மட்டும் போதாமல் போகலாம். டூ நாட் டிஸ்டர்பில் எந்த ஆப்களை விடலாம் என்ற இடத்தில் வாட்ஸ்அப்பையும் சேர்த்து, குரூப்களை மியூட்டில் வைக்க வேண்டியிருக்கும். போனுக்குப் போன் இது மாறும், அதனால் இந்த வாரம் விடுமுறை நாளில் டூ நாட் டிஸ்டர்பைப் போட்டுவிட்டு அம்மாவை இரண்டு வழியிலும் கூப்பிடச் சொல்லிப் பாருங்கள். போன் அடித்ததை உங்கள் காதால் கேட்ட பிறகு தூங்கப் போங்கள்.